நல்ல தண்ணி

சட்டைக் கம்பெனியில் அவளுக்குப் பெயர் காஜாக்காரி. பொத்தான் துளை அடிக்கும் மெஷினில் உட்கார்ந்தால் தலை நிமிர மாட்டாள். அவள் வேலையில் ஒரு பிசிறு காட்ட முடியாது. வீட்டில்தான் எதற்கும் லாயக்கில்லாதவள். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் புருஷன் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. மீன்தொட்டியைத் தொட விடாமலே சொல்லிவிட்டார்.

தொட்டி ஹாலில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே உப்புக் கரைத்த தண்ணீர். அதில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு சர்ஜன் மீன். பாசி தின்கிற சாதுதான். ஆனால் வாலடியில் இரண்டு பக்கமும் கத்தி மாதிரி முள், அதனால் அந்தப் பெயர். அவள் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வேண்டுமா என்று கேட்காத மனுஷன், மீன் ஒருவேளை சாப்பிடாவிட்டால் வேலைக்கு லீவு போடுவார். "என் சக்களத்தி" என்பாள் கம்பெனியில். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள், வயிறு எரிய.

ஒருநாள் லிஃப்ட் குழியில் தவறி விழுந்து அவருக்குத் தொடை எலும்பு முறிந்தது. கம்பி வைத்த இடம் சீழ் பிடித்து, வீடு திரும்புவது தள்ளிக்கொண்டே போனது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் பல்லைக் கடித்துக்கொண்டு அவர் பேசிய முதல் பேச்சே மீனைப் பற்றித்தான்.

"தொட்டியில தினமும் தண்ணி வத்தும். கண்ணாடியில போட்டிருக்கிற கோடு வரைக்கும் நல்ல தண்ணியா பாத்து ஊத்து. உன்னத்தான் நம்பியிருக்கேன்."

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் கேட்டிராத வார்த்தை அது. பைத்தியக்காரி, அதிலேயே குளிர்ந்துபோனாள். அவர் வரும்வரை மீனை உயிரோடு வைத்திருந்து, "இந்தாங்க உங்க மீன்" என்று காட்டிவிட வேண்டும். வேறு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

பால்கனியில் அவர் உப்புக் கரைத்து வைத்த தண்ணீர் டிரம்மில் இருந்தது. அதிலிருந்து தினமும் குவளையால் மொண்டு ஊற்றினாள். தீர்ந்ததும் உப்புப் பாக்கெட்டில் போட்டிருந்த அளவுப்படி தானே கரைத்தாள், காஜா அடிக்கிற அதே கவனத்தோடு. காய்ந்த கடல்பாசியைத் துணிக் கிளிப்பில் மாட்டித் தொங்கவிட்டாள். பிறகு கையாலேயே நீட்டினாள். மீன் வந்து விரலை உரசிக்கொண்டு தின்றது. வயிற்றெரிச்சல் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை. கம்பெனியிலிருந்து ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வர ஆரம்பித்தாள்.

அப்புறம் மீன் பாசியைத் தொடுவதை நிறுத்தியது. மூலையில் சாய்ந்து நின்று வேகவேகமாக மூச்சு வாங்கியது. பதறிப்போய் போன் செய்தாள்.

"நல்ல தண்ணிதானே ஊத்துற?"

"பின்ன? அதத்தான் ஊத்துறேன்."

"அப்ப பயப்படாத. விடாம ஊத்து."

விடாமல் ஊற்றினாள். மீன் செத்தது. வெளியே எடுக்கும்போது வால் முள் அவள் உள்ளங்கையைக் கிழித்தது. வலி உறைக்கக்கூட இல்லை, அழுதுகொண்டே இருந்தாள்.

ஊன்றுகோலோடு வந்தவர் வெறும் தொட்டித் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் சுளித்தது.

"என்ன இப்படிக் கரிக்குது? எந்தத் தண்ணிய ஊத்தின?"

"டிரம்முல இருந்ததத்தான்."

"அது உப்புத் தண்ணிடி! மொத்தத் தண்ணியையும் மாத்துறப்ப ஊத்துறது. வத்துறது தண்ணி மட்டும்தான், உப்பு உள்ளேயே நின்னுடும். அது மேல மறுபடியும் உப்பா? குழாய்ல வர்ற நல்ல தண்ணின்னுதானே சொன்னேன்?"

"குழாய்னு சொல்லலீங்க. நல்ல தண்ணின்னீங்க. கடல் மீனுக்கு எதுங்க நல்ல தண்ணி?"

அந்தத் தொட்டியைப் பற்றி அவர் அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்திருப்பாரா? நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். வலியோ வெட்கமோ, குரல் இறங்கியது.

"சரி, விடு. மீன்தானே."

அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"மீன்தாங்க," என்றாள். "ஆனா முடியாமப் போனப்புறமும், நான் குவளையோட வந்தா மேல வந்துடும். ஏதோ நல்லது செய்ய வந்திருக்கேன்னு நெனச்சுக்கிட்டு, நான் ஊத்தி முடிக்கிற வரைக்கும் என்னையே பாத்துக்கிட்டு நிக்கும்."