மகாராணி தராசில் ஏறும் நாள்

எங்கள் தெருக்கோடி வீட்டுக்காரிக்கு வேலை, குரங்குகளைப் பார்த்துக்கொள்வதும் எடை போடுவதும். அதனால் எல்லோருக்கும் அவள் தராசு. ஒருமுறை புருஷன் விட்ட பெருமூச்சைக்கூட எடை போட்டுச் சொன்னாளாம். நான் பக்கத்தில் இல்லை, அதனால்தான் நம்புகிறேன்.

ஊரைத் தாண்டி இருக்கிறது அவள் வேலை பார்க்கும் ஆராய்ச்சிக்கூடம். கர்ப்பத்தில் தாய் சாப்பிட்டது குட்டியின் வளர்ச்சியை, ரத்தத்துச் சர்க்கரையைப் பிற்பாடு எப்படிப் பாதிக்கிறது என்று அங்கே ஒரு டாக்டரம்மா பார்க்கிறார். மனுஷப் பிள்ளைகளில் பார்ப்பதென்றால் பாதி ஆயுள் காத்திருக்க வேண்டும். குரங்கு சீக்கிரம் ஆளாகிவிடும்.

முன்பெல்லாம் வலை போட்டுப் பிடித்துத்தான் எடை. அந்த அலறலில் ஆகாயத்தில் போகிற காக்கை இறக்கையை மடக்கிக் காதைப் பொத்திக்கொள்ளும் என்பார்கள். இப்போது அதெல்லாம் இல்லை. பலகைத் தராசில் தானாக ஏறி உட்கார்ந்தால் ஒரு கைப்பிடி திராட்சை. அப்படிப் பழக்கிவிட்டார்கள்.

மகாராணி என்றொரு தாய்க்குரங்கு. அவள் குட்டி சுண்டு, அம்மா வயிற்றை விட்டு இறங்கமாட்டான். அதனால் முதலில் இரண்டு பேரையும் சேர்த்து எடை. உடனே திராட்சை. சுண்டு கயிற்றில் தொங்கப் போனதும் அம்மாவுக்கு மட்டும் எடை. கழித்தால் குட்டியின் எடை வந்துவிடும்.

வரவேண்டிய எடை வரவில்லை. கணக்குப்படி வாரத்துக்கு வாரம் சுண்டு இளைத்துக்கொண்டே போனான்.

“பார்த்தா நல்லாத்தானே இருக்கான் டாக்டரம்மா. வயிறு பந்து மாதிரி இருக்கு.”

“உன் கண்ணு சொல்றதை எழுத முடியுமா? அடுத்த தடவையும் ஏறலைன்னா தனியா எடுத்துப் புட்டிப்பால்தான். பட்டினியில போயிட்டான்னா யாரு பதில் சொல்றது?”

டாக்டரம்மா சொன்னதில் தப்பில்லை. ஆனால் புட்டிப்பாலில் வளர்ந்த ஒன்றைத் தராசு பார்த்திருக்கிறாள். ஒரு துண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மூலையில் ஆடிக்கொண்டே இருக்கும். பெரிசான பிறகு மற்ற குரங்குகளோடு விளையாடத் தெரியவில்லை. அம்மாவும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

பாவம், தாய்க்குப் பால் போதவில்லை போலிருக்கிறது என்று தராசு தானாகவே முடிவு கட்டிக்கொண்டாள். விதிப்படி ஒரு கைப்பிடி திராட்சை. அதே கைப்பிடிதான், கைதான் வாரா வாரம் பெரிதாகிக்கொண்டு வந்தது.

வீட்டில் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துப் புருஷன் கேட்டார். வண்டிப் பட்டறையில் வேலை பார்க்கிறவர்.

“என்ன, மகாராணிக்கு உடம்புக்கு முடியலையா? என்னை ஒரு நாளாவது இப்படி விசாரிச்சிருக்கியா?”

“உங்களை எதுக்கு விசாரிக்கணும்? உங்களுக்குத்தான் ஏறிக்கிட்டே போகுதே.”

அடுத்த எடை நாள். டாக்டரம்மா பால்புட்டியோடு வந்து நின்றார். மகாராணி சுண்டோடு ஏறினாள். திராட்சை வாங்கினாள். சுண்டு கயிற்றுக்குத் தாவினான். மகாராணி தனியாக உட்கார்ந்து, புறங்கையால் கன்னத்தை அமுக்கி, உள்ளே பதுக்கியிருந்த திராட்சையை ஒவ்வொன்றாக வாய்க்குத் தள்ளி மென்று, தோலைத் தரையில் துப்பினாள்.

தராசில் எண் லேசாகக் குறைந்தது. இன்னொரு தோல். இன்னும் கொஞ்சம் குறைந்தது.

 தராசு அந்த உப்பிய கன்னத்தைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். சொன்னால் வேலைக்கே உலை. சொல்லாவிட்டால் புட்டி.

“டாக்டரம்மா, குட்டி இளைக்கலை. அம்மாதான் கன்னத்துல ஒரு மளிகைக்கடையை வெச்சிக்கிட்டு ஏறுறா. திராட்சையைக் குடுத்துட்டுத் தனியா நிறுத்தினா அதையும் சேர்த்துதானே காட்டும்? கழிக்கிறப்போ குட்டிதான் குறையுறான்.”

டாக்டரம்மா குனிந்து பார்த்தார். “ஒரு கைப்பிடிக்கா இவ்வளவு வரும்?”

“என் கை கொஞ்சம் பெரிசு.”

“எவ்வளவு பெரிசு?”

காட்டினாள். டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“இவ என்ன சாப்பிடுறாங்கிறதுதான் ஆராய்ச்சியே. அதுல நீ பழக்கடை நடத்தியிருக்கே. நானும் கூட நின்னு பார்த்துட்டு வரிசையை மாத்தணும்னு யோசிக்கலை பாரு.”

கன்னம் காலியாகும்வரை இருவரும் காத்திருந்தார்கள். மகாராணி அவசரமே படவில்லை. கடைசித் திராட்சையை மெல்லுவதற்குள் கட்டடத்துக்குச் சுண்ணாம்பே அடித்து முடித்திருக்கலாம். பிறகு சுண்டோடு சேர்த்து மறுபடி எடை, நடுவில் திராட்சை இல்லாமலே தனி எடை, கழித்தல். சுண்டு கொழுகொழுவென்று இருந்தான்.

குறிப்பேட்டில் பழைய எடைகள் அத்தனையும் கோடு போட்டு அடிக்கப்பட்டன. கொடுத்த திராட்சை எவ்வளவு என்று தராசு யோசித்து யோசித்துச் சொல்ல வேண்டியிருந்தது, கூடவே நல்ல திட்டும் விழுந்தது. வேலை போகவில்லை. பால்புட்டி அலமாரிக்குப் போனது.

இப்போதெல்லாம் இரண்டு எடையும் முடிந்த பிறகுதான் திராட்சை. அதுவும் டாக்டரம்மாவின் கைப்பிடி, சின்னக் கை. முதல் நாள் மகாராணி முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். தாயும் பிள்ளையுமாகப் பெரிய கூண்டுக்கு மாறினார்கள். அங்கே சுண்டு வாலைப் பிடித்து இழுக்காத குரங்கு இல்லையாம்.

போன வாரம் அவனே தனியாகத் தராசில் ஏறி உட்கார்ந்து கையை நீட்டினானாம். தராசு எண்ணைப் படித்துவிட்டு ஒரே ஒரு திராட்சை வைத்தாள். அவன் அதைத் தின்னவில்லை. கன்னம் லேசாக உப்பியது.