பச்சைக் காரும் குரங்குக் குல்லாவும்

எங்கள் வீட்டு வாசல் நிலைக்குப் பக்கத்தில் ஓர் ஆணி. அதில் என் கணவரின் குரங்குக் குல்லா தொங்கும். மலைக்குப் போகிறவர்கள் குளிருக்கு வாங்குவார்களே, காதையும் கழுத்தையும் சேர்த்து மூடுகிற கம்பளிக் குல்லா, அதேதான். சித்திரை வெயிலில் பாளையங்கோட்டையில் அதை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்புகிற ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும். பச்சைக் காரில் என் பக்கத்தில் உட்காருவதற்காக மட்டும்.

நான் கணக்கு டீச்சர். ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவள். வகுப்பில் நாற்காலி இருக்கும், நான் நடந்துகொண்டே இருப்பேன். ஐம்பது நெருங்கியபோது, மகள் வேலை கிடைத்து வடக்கே போன வருஷம், கோயம்புத்தூரில் ஒரு டாக்டரிடமிருந்து பழைய பச்சை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினோம். இரண்டே இருக்கை. கூரையை மடித்துப் பின்னால் போட்டுவிடலாம். தரையோடு தரையாகக் கிடக்கும். கொண்டுவந்து நிறுத்திய அன்றே தெருமுனை டீக்கடை அண்ணாச்சி பெயர் வைத்துவிட்டார்.

"என்ன டீச்சர், தவளைய வாங்கிட்டு வந்திருக்கிய? மழ பெஞ்சா கத்துமா?"

கத்தும். நாலுவழிச் சாலையில் ஏறி மூன்றாவது கியரில் மிதித்தால் முதுகுத்தண்டு வழியாகக் கத்தும். நாங்குநேரி வரை போவோம். அங்கே ஒரு டீ, வானமாமலைப் பெருமாளுக்குத் தெருவிலிருந்தே ஒரு கும்பிடு, திரும்பல். அவ்வளவுதான் பயணம். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் என் கணவர் வேறு ஆளாகிவிடுவார். தாலுகா ஆபீஸில் இருபத்தெட்டு வருஷம் தலை நிமிராமல் எழுதியவர். வீட்டில் அவர் பேசுவதைக் கேட்கக் காற்றாடியை நிறுத்த வேண்டும். அப்படிப்பட்டவர் கூரையில்லாத காரில், காற்றுக்கு மேலே குரல் போக வேண்டுமே என்று, கத்துவார். கத்துகிறவரால் எதையும் பூசி மெழுக முடியாது.

"ஏட்டி! எங்க அம்ம வச்ச சாம்பார் நல்லாவே இருக்காது! இத்தன வருசமா ஒங்கிட்ட பொய் சொல்லிட்டேன்!"

ஒருமுறை மூன்றடைப்பு தாண்டும்போது இதைக் கத்தினார். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் கழித்து. நான் சிரித்த சிரிப்பில் கார் கோடு தாண்டிவிட்டது.

மற்ற ஆறு நாளும் வெள்ளைக் கார். அதற்குப் பதினான்கு வயது முடிந்திருந்தது. பாளையங்கோட்டையிலிருந்து சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, ஆற்றுப்பாலம், அம்பாசமுத்திரம், அங்கிருந்து விக்கிரமசிங்கபுரம். அங்கேதான் என் பள்ளிக்கூடம். க்ளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் தேய்ந்ததா, க்ளட்ச் தேய்ந்ததா என்று இரண்டுக்கும் போட்டி. ஏசி இடது பக்கத்து ஆளுக்கு மட்டும் அடிக்கும், அந்தப் பக்கம் ஆள் இருக்காது. ஈரக்குடை, விடைத்தாள் கட்டு, யாருக்காவது ஏற்றிப்போகும் வாழைத்தார், எல்லாம் சேர்ந்த ஒரு வாசம். பஞ்சு மில் ஷிப்ட் விடும் நேரத்தில் சைக்கிள்களுக்கு நடுவே பைய ஊர்ந்து போகும். அதைப் பற்றி நான் ஒருநாளும் யோசித்ததில்லை. செருப்பைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்?

பதினைந்து வருஷம் முடிந்தால் வண்டியைக் காட்டிச் சான்று புதுப்பிக்க வேண்டும். ஷெட்டில் ஒரு காருக்குத்தான் இடம். சாத்தான்குளத்திலிருந்து என் கணவரின் அண்ணன், எனக்கு அத்தான், வந்திருந்தபோது கேட்டார்:

"ரெண்டு வச்சி என்ன செய்யுதிய? வெள்ளய எனக்குத் தாங்களேன். தோட்டத்துக்குப் போவ வர ஆவும்."

எனக்கு உள்ளுக்குள் துள்ளல். தினமும் தவளை! ஆறு நாள் காத்திருந்து ஒன்றரை மணி நேரம் கிடைப்பது இனி தினமும் மூன்று மணி நேரம். கணக்கு டீச்சர் இல்லையா, பெருக்கிப் பார்த்துவிட்டேன். என் கணவர்தான் தயங்கினார்.

"ஒரு மண்டலம் ஓட்டிப் பாரு. நாப்பத்தெட்டு நாள். அதுவர வெள்ள அண்ணங்கிட்ட ஓடட்டும். பொறவு பேரு மாத்திக்கிடலாம்."

"என்ன, விரதமா?" என்றேன்.

"அப்படியே வச்சிக்கயேன்."

முதல் வாரம் ராணி மாதிரி போனேன். மில் சைக்கிள்கள் மணியடித்து வழிவிட்டன. பிள்ளைகள் ஜன்னலில் தொங்கினார்கள். நம் சாலைகளில் ஊருக்கு ஊர், கோயிலுக்குக் கோயில், மனம் போனபடி கொட்டி வைத்த வேகத்தடைகள். வெள்ளைக் காரில் அவற்றை எண்ணியதே இல்லை. இதில் ஒவ்வொன்றையும் கோணலாக ஏற்றி, கோணலாக இறக்க வேண்டும், இல்லையென்றால் வண்டியின் வயிறு தரையில் தட்டும். முதல் வாரம் அது நடனம். இரண்டாம் வாரம் அது வேலை. மூன்றாம் வாரம் பின்னால் வந்த பஸ்காரர் கையை எடுக்காமல் ஹாரனை அழுத்தியபோது நான் திரும்பிக் கத்தினேன், வகுப்பில்கூடக் கத்தாதவள். தூசிக்காகவும் வெயிலுக்காகவும் கூரையை மூட ஆரம்பித்தேன். ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போதுதான் உறைத்தது, ஆற்றுப்பாலத்தைக் கடந்ததே நினைவில் இல்லை. தாமிரபரணி நிறைய ஓடிய மாதம் அது.

அவருடைய இருக்கையில் என் பை, குடை, விடைத்தாள். ஒரு புதன்கிழமை சாப்பாட்டு அடுக்கு சரிந்து சொதிக் குழம்பு முழுவதும் அந்த இருக்கையில் கொட்டியது. தேங்காய்ப்பால் இருக்கையின் தோலுறைக்குள் இறங்கிவிட்டது. துடைத்தேன். "சவம், வண்டிதான" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது காதில் விழுந்தது.

ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை காலை அவர் குளித்து, நீறு பூசி, குல்லாவை ஆணியிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"போவமா?"

நான் கட்டிலைவிட்டு எழவில்லை. ஆறு நாளாக அதிலேயே உட்கார்ந்த இடுப்பு. "அதுலயா? இன்னைக்குமா அதுல போவணும்?" என்றேன்.

அவர் குல்லாவை மறுபடி ஆணியில் மாட்டினார். அது விழுந்தது. குனிந்து எடுத்து, இன்னும் பைய மாட்டினார். பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அந்தக் குல்லாவைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். என் வாழ்க்கையில் கிடைத்த சின்னப் பைத்தியக்காரத்தனம் ஒன்றே ஒன்று. அதை முப்பத்து நான்கே நாளில் நானே நாற்காலியாக்கிவிட்டேன். அதோடு அந்த மனிதர் கத்துவதற்கு இருந்த ஒரே இடத்தையும்.

மறுநாள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு சாத்தான்குளத்துக்குப் பஸ் ஏறினேன். பனைகள் பின்னால் ஓட ஓட, என்ன சொல்லிக் கேட்பது என்று வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற வெட்கம். அத்தான் தோட்டத்தில் வெள்ளைக் காரின் டிக்கியில் தேங்காய் ஏற்றிக்கொண்டிருந்தார். முன்கண்ணாடியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டிருந்தார். வண்டி அவருடையதாகவே ஆகிவிட்டிருந்தது.

"வாம்மா. என்ன, நாப்பத்தெட்டு ஆவலயே?"

"ஆவல அத்தான். வண்டிய திருப்பிக் கேக்க வந்தேன்."

"பச்ச படுத்துகிட்டா?"

"அது நல்லாத்தான் இருக்கு. நான்தான் அத கெடுத்துட்டேன். தெனம் ஓட்டிக் கெடுத்துட்டேன். இந்த வெள்ளயில போயிட்டு வந்தாத்தான் அது அதுவா இருக்கும்."

அவர் தேங்காயைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "வெளங்கல" என்றார். பிறகு தோட்டத்துப் பக்கம் திரும்பி, "ஏளா! கேட்டியா? தவளைய ரசிக்கணும்னா எரும வேணுமாம் டீச்சருக்கு!" என்று தன் மனைவிக்குக் கேட்கும்படி சொன்னார். அங்கிருந்து சிரிப்பு வந்தது. டிக்கியில் ஏற்றிய தேங்காயை அவர் இறக்கவில்லை. "கெடக்கட்டும், கொண்டு போ. எலுமிச்சம்பழத்த மட்டும் அவுக்காத. நா எப்பமும் பஸ்லதான போயிட்டிருந்தேன்." சாவியைத் தந்தார். எரிச்சலின் நிழல்கூட இல்லை. அந்தப் பெருந்தன்மையை நான் இன்னும் செரித்து முடிக்கவில்லை. இப்போது அவருக்குத் தோட்டத்துச் சாமான் ஏற்ற வேண்டிய நாட்களில் வெள்ளையை நானே கொண்டுபோய் விடுகிறேன்.

அந்த வாரம் வெள்ளைக் காரில் போனேன். வேகத்தடைகளில் தொம், தொம் என்று நேராக ஏறி நேராக இறங்கியது, மாடு வாய்க்காலைத் தாண்டுவதுபோல. பின்னாலிருந்து யாரும் ஹாரன் அடிக்கவில்லை. என்னை யாரும் பார்க்கவே இல்லை. அந்த நிம்மதியில் நான் பார்க்க ஆரம்பித்தேன். கல்லிடைக்குறிச்சி தாண்டி ஆற்றுப்பாலத்தில் தண்ணீர் பழுப்பாக, அகலமாக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. டிக்கியில் மறந்துபோன ஒரு தேங்காய் வளைவுக்கு வளைவு உருண்டது. புதன்கிழமை மூன்றாவது கியர் முனகியபோது பச்சையின் மூன்றாவது கியர் ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை உள்ளங்கை அரித்தது. சனிக்கிழமை சாயங்காலம் வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய், அவருடைய இருக்கையை மூன்று தரம் சோப்புப் போட்டுத் துடைத்தேன்.

ஞாயிறு காலை கூரையை மடித்துப் போட்டு, வண்டியை வாசலுக்கு எடுத்து நிறுத்தினேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை. போன வாரம் நான் சொன்ன வார்த்தைக்குப் பிறகு எந்த வாயால் கூப்பிடுவது? எஞ்சினை மட்டும் ஓடவிட்டேன். பேப்பரின் ஒரு பக்கம் திரும்பியது. இன்னொரு பக்கம் திரும்பியது. டீக்கடையிலிருந்து அண்ணாச்சி, "சார், தவள கூப்பிடுது வே!" என்றார்.

பேப்பர் மடிந்தது. ஆணியிலிருந்து குல்லா இறங்கியது.

உட்கார்ந்ததும் மூக்கைச் சுளித்தார். "என்னட்டி, சொதி வாசம் அடிக்கு?"

"அடிக்கும். பெல்ட்ட போடுங்க."

நாலுவழியில் ஏறி, மூன்றாவது கியரில் மிதித்தேன். முப்பத்து நான்கு நாளாக என்னோடு இருந்த அதே வண்டிதான், எங்கேயோ போய்விட்டு அன்றைக்குத்தான் திரும்பி வந்ததுபோல முதுகில் ஏறிக் கத்தியது. எனக்குக் கண்ணில் நீர் கட்டியது. காற்றுக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்போது குல்லாவுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஏட்டி! வெள்ளிக்கெழமயே எனக்குக் காது குளிர ஆரம்பிச்சிரும்! ஞாயித்துக்கெழம வருதேன்னு!"

ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. இருந்தாலும், "என்னது? கேக்கல!" என்றேன்.

அவர் என் பக்கம் சாய்ந்து, கழுத்து நரம்பு புடைக்க, மறுபடியும் கத்தினார். பக்கத்தில் போய்க்கொண்டிருந்த வாழைத்தார் லாரியின் டிரைவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். நான் இன்னும் கேட்கவில்லை என்று தலையை ஆட்டினேன்.