எல்லாக் கதவிலும் இலை

பக்கிரிசாமி எங்கள் தோட்டத்துப் பெயிண்டர். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக் கதவுகளுக்கு நம்பர் போடுவது, தேயிலைப் பெட்டிகளில் தோட்டத்தின் பெயரை அடிப்பது, வருஷத்துக்கு ஒரு தடவை துரை பங்களா வேலிக்கு வெள்ளை பூசுவது, இவ்வளவுக்குத்தான் அவருக்குச் சம்பளம். அவருடைய பெருமை எல்லாம் சம்பளம் இல்லாத வேலையில் இருந்தது. தீபாவளி நாடகத்துக்குப் படுதா எழுதுவார். காட்டுப் படுதாவில் அவர் எழுதிய புலியைப் பார்த்து முன்வரிசைப் பிள்ளைகள் அலறியிருக்கிறார்கள். மாரியம்மன் கோவில் சுவரில் அவர் வரைந்த அம்மனின் கண்ணைப் பார்த்தால், வேதக்காரியான நானே நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வேன். அவருக்கு வாய் கொஞ்சம் நீளம். "இந்த மலையில என்னைய விட்டா பிரஷ் புடிக்க ஆளு இல்ல லா" என்று தானே சொல்லிக்கொள்வார். பொய் என்று சொல்லவும் முடியாது.

அவர் கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. தாய் தகப்பன் போன பிறகு தங்கச்சி இராசம்மாவை வளர்த்து, தேயிலை லோரியில் கிளிண்டனாக, டிரைவருக்கு உதவியாளாக, ஓடிய வேலப்பனுக்குக் கட்டிக்கொடுத்தார். இராசம்மாவுக்கு வெகுகாலம் பிள்ளை இல்லை. போகாத கோவில் இல்லை, குடிக்காத கஷாயம் இல்லை. எல்லோரும் கைவிட்ட பிறகு ஜெயா பிறந்தாள். அந்தக் குழந்தை பிறந்ததிலிருந்து பக்கிரிசாமி பாதிப் பைத்தியம். வேலை முடிந்து கையில் பெயிண்டோடு வந்து, குழந்தையைத் தொடக் கூடாதே என்று மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக் கழுவுவார். பிறகு மண்ணெண்ணெய் நாற்றம் போக சவுக்காரம் போட்டுக் கழுவுவார். நான் தொழிற்சாலையில் தேயிலை சலிக்கும் பகுதியில் இருந்தேன். எங்கள் வீடு அதே லயத்தில்தான். அந்தக் கூத்தைத் தினமும் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

அது எழுபத்து நான்காம் வருஷம். இந்தியாவில் பெரியம்மை பரவி ஜனங்கள் சாகிறார்கள் என்று பத்திரிகைகளில் படம் போட்டார்கள். முகமெல்லாம் முத்து முத்தாய் வெடித்த பிள்ளைகளின் படம். எங்கள் லயத்தில் முக்கால்வாசிப் பேர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. ஆனால் படத்தில் இருந்த முகம் எங்கள் முகம். அது போதாதா? அந்தச் சமயம் பார்த்து எங்கள் லயத்தில் இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்து உடம்பில் தடித்தது. தோட்டத்து ஆட்கள் பெரியம்மையைக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று டவுன் முழுக்கப் பேச்சு. திரிங்காப் பக்கம் சீனர்களின் காய்கறித் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் அதே காய்ச்சல், அதே தடிப்பு இருந்தது. அங்கே அதற்கு வெறும் காய்ச்சல் என்று பெயர். எங்களுக்கு வந்தால் மட்டும் 'கிளிங் நோய்'. தமிழர்களை இழிவாகச் சொல்ல டவுன்காரர்கள் வைத்திருந்த சொல் அது; இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் எனக்கு ஆறவில்லை.

தானா ராத்தா டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடைத் தவுக்கே, அதாவது முதலாளி, பக்கிரிசாமியைக் கூப்பிட்டு அனுப்பினார். போனால், கடைக்குள் விடவில்லை. சாலையிலேயே நிறுத்தி ஒரு பலகையை நீட்டினார். தோட்டத்து ஆட்கள் வெளியே நின்று வாங்கிக்கொண்டு போகவேண்டும் என்று அதில் தமிழில் எழுத வேண்டுமாம்.

"தவுக்கே, நான் உள்ள வரக் கூடாதுன்னு நானே எழுதணுமா?" என்று கேட்டார் பக்கிரிசாமி.

"நீ நல்லா எழுதுவேன்னு எல்லாரும் சொல்றாங்க லா" என்றார் அந்த ஆள், சங்கடமே இல்லாமல்.

பலகையை அங்கேயே வைத்துவிட்டு நடந்தே தோட்டத்துக்கு வந்தார். மறுநாள் வேறு யாரோ கோணல்மாணலாக எழுதிய பலகை கடையில் தொங்கியது. எழுத்தின் அழகைப் பற்றியும் அவருக்குக் கோபம்.

இதற்குள் டவுன்காரர்கள் இன்னொன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அம்மை கண்ட வீட்டு வாசலில் நாங்கள் வேப்பிலை கட்டுவோம். அம்மா வந்திருக்கிறாள் என்று அர்த்தம். இலையைப் பார்த்தால் வெளியாள் படி ஏற மாட்டார்கள், அந்த வீட்டில் தாளிக்க மாட்டார்கள், கைக்குழந்தைக்காரிகள் அந்தப் பக்கமே திரும்ப மாட்டார்கள். பிள்ளை தேறி, அதன் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் இலை இறங்கும். இந்தக் குளிரில் வேப்ப மரம் வளராது. வேலப்பன்தான் கீழே தாப்பாவிலிருந்து லோரியில் கொத்துக் கொத்தாகக் கொண்டுவருவான். எங்களுக்குள் இருந்த இந்த வழக்கம் எப்படியோ வெளியே தெரிந்துபோயிற்று. காய்கறி வண்டிக்காரன் இலை கட்டிய வீட்டைப் பார்த்துத் துப்பிவிட்டுப் போனான். கோலா தெர்லாவிலிருந்து வரும் பஸ் சாலை திரும்பும் எங்கள் முடக்கில் நிற்காமல் போயிற்று. ஒரு சாயங்காலம் மோட்டார் சைக்கிளில் வந்த பையன்கள் இலை கட்டிய கதவின் மேல் கல்லெறிந்தார்கள்.

பிறகு துரையின் உத்தரவு வந்தது. இலை கட்டிய வீட்டு ஜனங்கள் எல்லோரும் ஆற்றோரத்துப் பழைய உரக்கொட்டகைக்குப் போய்விட வேண்டும். அந்தக் கொட்டகைக்குக் கதவு கிடையாது. மழைக்காலத்தில் உள்ளே மூடுபனி வந்து உட்கார்ந்திருக்கும். அங்கே காய்ச்சல்காரப் பிள்ளையைக் கொண்டுபோய் வைத்தால் திரும்பி வராது என்பதைத் துரையைத் தவிர எல்லோரும் அறிவோம்.

"நாளைக்கு ஜெயாவுக்கு மேலு சுட்டா அவளையும் அங்கதான் தூக்கிட்டுப் போகணுமாண்ணே?" என்று இராசம்மா அண்ணனிடம் கேட்டாள். குழந்தை அப்போது அவள் இடுப்பில் இருந்து பக்கிரிசாமியின் மீசையை இழுத்துக்கொண்டிருந்தது. 

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தொழிற்சாலை ஜன்னலுக்கு அடித்து மிச்சமிருந்த பச்சைப் பெயிண்டை எடுத்துக்கொண்டு முதல் வீட்டுக் கதவில் ஆரம்பித்தார். வேப்பிலைக் கொத்து. ஒவ்வொரு இலைக்கும் ரம்பப் பல், நடு நரம்பு, நுனியில் கொஞ்சம் வளைவு. எல்லாக் கதவிலும் இலை இருந்தால் எந்த வீட்டுக்காரர்களைக் கொட்டகைக்குத் துரத்துவார்கள்? இதுதான் அவர் கணக்கு. கட்டுவதற்கு அத்தனை இலை கிடைக்காது, ஆகவே ஏற்கெனவே கட்டியிருந்த இலையையும் அவிழ்த்துவிட்டுப் பெயிண்ட். எங்கள் வீட்டுக்கு வந்தபோது கதவில் மாதா படம் ஒட்டியிருந்தது.

"என்ன பிலோமி, மாதா கோவிச்சுக்க மாட்டாங்கல்ல?" என்று கேட்டார்.

"நீங்க அழகா வரைஞ்சா ஏன் கோவிக்கிறாங்க?" என்றேன். மாதாவின் காலடியில் வரைந்தார். உண்மையிலேயே அழகாக இருந்தது.

பூசாரி காளியண்ணன் மட்டும் குறுக்கே வந்து நின்றார். "வராத வீட்டுலல்லாம் அம்மா வந்துட்டான்னு எழுதுறியே பக்கிரி. அப்புறம் அவ வந்துட்டா என்னா பண்ணுவே?"

"வந்தா என் கையாலயே கூழ் காச்சி ஊத்துறேன், நகருங்க" என்றார் பக்கிரிசாமி. எல்லோரும் சிரித்தார்கள். சாமி பெயரைச் சொல்லிப் பயமுறுத்துவது பூசாரியின் பிழைப்பு என்று நான் அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்க இலை. அவர் நடுவில் நின்று சொன்னார்: "எந்த வீட்டுல காய்ச்சல்னு யாரும் யாரையும் கேக்கக் கூடாது. யாரும் சொல்லவும் கூடாது. காத்துக்குக் கூடக் காது இருக்கு, கிராணிக்கு இல்லாம இருக்குமா?" எல்லோரும் தலையாட்டினோம்.

திங்கட்கிழமை தோட்டத்து ஆபீசின் பெரிய கிராணி காவல்காரர்களோடு வந்தார். முதல் கதவைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார், லயத்தின் கோடி வரை நடந்து பார்த்தார். "எந்த வீடு?" என்று கத்தினார். "அம்மா எல்லா வீட்டுலயும் இருக்காங்கய்யா" என்று பெண்கள் கோரஸ் பாடினார்கள். மொத்த லயத்தையும் கொட்டகைக்கு அனுப்பினால் கொழுந்து பறிப்பது யார்? கிராணி திரும்பிப் போய்விட்டார். தோட்டத்து டிரஸ்ஸர் மருந்துப் பெட்டியோடு வந்தார். அவருக்கும் அதே பதில்தான். அன்றைக்கு லயத்தில் திருவிழா மாதிரி இருந்தது. பக்கிரிசாமி தோளில் ஜெயாவை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கதவாகக் காட்டி, "மாமா வரைஞ்சது, மாமா வரைஞ்சது" என்று ஊர்வலம் போனார்.

இராசம்மாவுக்கு அடுத்த வீடு கருப்பையா, மாரியம்மா வீடு. லயத்தில் கைக்குழந்தைகளைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட மாரியம்மாவை விட்டால் ஆள் கிடையாது. ஜெயாவையும் வாரத்துக்கு இரண்டு தடவை அவள்தான் குளிப்பாட்டினாள். அந்த வாரம் மாரியம்மாவின் பெரிய மகனுக்கு உடம்பெல்லாம் தடித்துவிட்டது. உள் அறையில் போர்வைக்கடியில் படுக்க வைத்திருந்தாள். பேச்சுப்படி யாரிடமும் சொல்லவில்லை. இராசம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது கதவைக் கொஞ்சமாகத் திறந்து, "இன்னிக்கு வேணாண்டி. இடுப்பு புடிச்சிக்கிச்சு, குனிய முடியல" என்று சொல்லிவிட்டு மூடினாள்.

வேறு யாராவது என்றால் சரி என்று திரும்பியிருப்பார்கள். இராசம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. தன் குழந்தைக்கு அத்தனை செய்தவள் இடுப்பு வலியோடு தனியாக அடுப்படியில் கிடக்கிறாளே என்று சாயங்காலம் பின்பக்கமாகப் போய்விட்டாள். அடுப்பு மூட்டிச் சோறு வடித்து, மாரியம்மா எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் பாத்திரத்தையும் தேய்த்து வைத்துவிட்டு வந்தாள். அவ்வளவு நேரமும் ஜெயா அந்தத் தரையில் தவழ்ந்து விளையாடியிருக்கிறாள். மாரியம்மாவுக்கு வாய் வரை வந்திருக்கிறது. சொன்னால் கொட்டகை. சொல்லாமல் விட்டாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. சில நாள் வந்திருக்கிறது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஜெயாவுக்குக் காய்ச்சல் கண்டது. கண் சிவந்து, மூக்கொழுகி, பிறகு காதுக்குப் பின்னால் தடிப்பு. லயத்தில் மற்றப் பிள்ளைகள் தேறிவிட்டதால் இராசம்மா முதலில் பயப்படவில்லை. ஒரு விடியற்காலையில் குழந்தையின் நெஞ்சு உள்ளே இழுத்து இழுத்து வாங்க ஆரம்பித்தது. அண்ணனும் தங்கையும் அதைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு முடக்குக்கு ஓடினார்கள். நானும் பின்னால் ஓடினேன்.

பஸ் வந்தது. கம்பளியைப் பார்த்ததும் டிரைவர் வேகத்தைக் கூட்டினார். காய்கறி லோரி ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று. பக்கிரிசாமி சாலை நடுவில் போய்க் கையை விரித்து நின்றார். லோரி அவரை ஒதுக்கிக்கொண்டு, தேயிலைச் செடி உரச வளைந்து போயிற்று. "பிள்ளைடா! பிள்ளைடா டேய்!" என்று அவர் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினார். கடைசியில் எங்கள் தோட்டத்து லோரிதான் வந்தது, வேலப்பனோடு. அதற்குள் வெயில் ஏறிவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. நர்ஸ் குழந்தையை வாங்கிக்கொண்டு ஓடினார். இது பெரியம்மை இல்லை, மணல்வாரி, தட்டம்மை என்பார்களே அதுதான், நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றார் டாக்டர். இரவெல்லாம் பக்கத்திலேயே இருந்து பார்த்தார்கள். மறுநாள் மத்தியானம் ஜெயா போய்விட்டாள்.

அரசாங்க ஜீப் வந்தது. எல்லோரையும் சோதித்து, ஊசி போட்டு, பெரியம்மை ஒருவருக்கும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். எந்தெந்த வீட்டில் காய்ச்சல் இருந்தது என்று அப்போதுதான் வெளியே வந்தது. மாரியம்மா வீடும் அதில் ஒன்று என்று இராசம்மாவிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. டவுனில் பலகைகள் சத்தமில்லாமல் இறங்கின. பஸ் மறுபடியும் முடக்கில் நின்றது. ஒரு வார்த்தை, வருத்தம் என்று ஒரே ஒரு வார்த்தை, யாரும் சொல்லவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் பக்கிரிசாமி மண்ணெண்ணெய் டின்னும் சுரண்டும் தகடுமாக வந்தார். கோடி வீட்டிலிருந்து ஒவ்வொரு கதவாக இலையைச் சுரண்டினார்.  எங்கள் கதவில் மாதா காலடியையும் சுரண்டினார். இராசம்மாவின் கதவை அவள் உள்ளே படுத்திருக்கும்போதே சுரண்டினார். அடுத்த கதவில் தகடை வைத்தபோது மாரியம்மா வெளியே வந்தாள்.

"பக்கிரிண்ணே, இது இருக்கட்டும்" என்றாள் தலையைக் குனிந்துகொண்டு. "பெரியவனுக்கு ஊத்தியாச்சு. சின்னவனுக்கு இன்னும் தலைக்குத் தண்ணி ஊத்தல."

அவர் தகடை எடுத்துக்கொண்டு மீதிக் கதவுகளுக்குப் போனார். எல்லாம் முடிந்தபோது லயத்தில் அந்த ஒரு கதவில் மட்டும் பச்சை இருந்தது. சுரண்டும் சத்தம் நின்றதைக் கேட்டோ என்னவோ இராசம்மா எழுந்து வெளியே வந்தாள். தன் கதவைப் பார்த்தாள். பக்கத்துக் கதவைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இப்பத் தெரியுதுண்ணே, எந்த வீடுன்னு" என்றாள். "முன்னயே தெரிஞ்சிருந்தா புள்ளையத் தூக்கிக்கிட்டு நான் உள்ள போயிருக்க மாட்டேன்."

அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. பக்கிரிசாமி டின்னைக் கீழே வைத்துவிட்டுக் கால்வாய் ஓரத்தில் உட்கார்ந்தார். அவருடைய கை இரண்டும் முழங்கை வரை பச்சையாக இருந்தன. கழுவ வேண்டிய அவசரம் இனி அவருக்கு இல்லை.