எஞ்சினை நிற்பாட்டிக் கேட்ட பாட்டு

குடாவைக் கடக்கும் மோட்டார் லாஞ்சில் ரிக்கற் கிழித்து ஆள் எண்ணும் தொழிலில் எண்ணிக்கையைக் காப்பாற்றலாம், நேரத்தைக் காப்பாற்ற ஏலாது. அதே வேலையில் கிடந்து தேய்ந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அந்த வியாழக்கிழமை பிற்பகல் திருகோணமலையிலிருந்து மூதூருக்குப் போனவர்கள்: ட்ரைவர் காசிம் காக்கா, கயிறு பிடிக்கிற செல்லன், நான், பயணிகள் இருபத்தொன்பது பேர். அவர்களில் பன்னிரண்டு பேருக்கு மூதூர்தான் ஊர். மற்றப் பதினேழு பேர் அங்கே இறங்கி பஸ் பிடிக்க வேண்டியவர்கள்.

தேத்தண்ணிக் கடை

பழைய பொப் பாட்டு ஒன்று. வந்து நாலைந்து வருசமாகியும் சனம் அதை விட்டபாடில்லை. லாஞ்ச் கட்டும் ஜெட்டியடித் தேத்தண்ணிக் கடை ரேடியோவில் அது தொடங்கினால், லாஞ்சில் ஏறியவர்களும் இறங்கிவிடுவார்கள். எஞ்சின் சத்தத்தில் பாட்டுக் கேளாது என்று காசிம் காக்காவை முடுக்கவும் விடமாட்டார்கள். இதனால் இரண்டு தரம் மூதூர் பஸ் தவறிவிட்டது. எனக்குச் சத்தம் போட வராது. மணிக்கூட்டைத்தான் தூக்கிக் காட்டுவேன். முந்தின கிழமை அப்படிக் காட்டியபோது கருவாட்டுக் கூடைக்காரி ஒருத்தி சொன்னாள்: "மூதூர் எங்கயும் போகாது தம்பி, பாட்டுத்தான் போயிடும்."

ஜெமீலா

ஆகவே அன்றைக்கு, ரேடியோவில் நேயர் விருப்பம் தொடங்குகிற மூன்று மணிக்கு முன்பே, இரண்டரைக்குச் சரியாகப் புறப்படுவதென்று முடிவெடுத்தேன். மூதூர்ப் பெண் ஜெமீலா ஏறாமல் ஜெட்டியில் நின்றாள். தகப்பனோடு சண்டை பிடித்துப் போன அவளுடைய தம்பி நசீரை எட்டு மாதமாகக் காணவில்லை. துறைமுகத்தில் கண்டதாக யாரோ சொல்ல, தேடி வந்து வெறுங்கையோடு திரும்புகிறாள். அந்தப் பாட்டு அவனுடைய உயிர். அவன் பேருக்கு அதை ஒலிபரப்பும்படி வானொலிக்குத் தபாலட்டை போட்டிருந்தாள். எங்கிருந்தாவது கேட்டால், வீடு தேடுகிறதென்று விளங்கிக்கொள்வானாம்.

"இண்டைக்கு வாசிப்பாங்க ஐயா. கேட்டுப்போட்டு வாறன், கொஞ்சம் நில்லுங்க" என்று கெஞ்சினாள். அதுதான் கடைசி லாஞ்ச். நான் மணிக்கூட்டைக் காட்டினேன். அவள் ஏறி, மடியில் ட்ரான்சிஸ்டர் வைத்திருந்த, கந்தோரில் எழுதுகிற ஒரு கிளாக்கருக்குப் பக்கத்தில் போய் இருந்து தம்பியின் கதையைச் சொன்னாள். அவர் அதைத் திருகிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "காதுக்குள்ள வைச்சாலும் இந்த எஞ்சினுக்குக் கேளாது, தங்கச்சி."

நடுக்குடா

மூன்று மணிக்கு எஞ்சின் நின்றது. பழுதாக்கும் என்று ஓடினேன். காசிம் காக்கா கையைத் துடைத்துக்கொண்டு சும்மா இருந்தார். "பஸ்!" என்றேன். "பஸ் நாளைக்கும் வரும், இரி" என்றார்.

கிளாக்கரின் ட்ரான்சிஸ்டரில் மூன்றாவதாகத்தான் அந்தப் பாட்டு வந்தது. விரும்பிக் கேட்டவர்கள் என்று பதினொரு பெயர்களை வாசித்தார்கள். நசீர் இல்லை. பிறகு பாட்டு. பீடி பற்றவைக்கப் போனவர்கூடக் குச்சியைக் கையிலே வைத்துக்கொண்டிருந்தார். மொத்தம் பதினெட்டு நிமிசம் மிதந்தோம். ஜெமீலா முக்காட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டாள். "பேர் வந்ததா, தங்கச்சி?" என்று காசிம் காக்கா கேட்டார். "பேர் வரல்ல காக்கா. பாட்டு வந்திட்டு."

மூதூர் தபாற்கந்தோர்

பஸ் போய்விட்டது. அடுத்ததற்கு இரண்டு மணித்தியாலம். ஏச்சு வாங்கத் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். கிளாக்கர் என்னைத் தாண்டிப் போய் ஜெமீலாவிடம், "தம்பியின்ர முழுப்பேர் என்ன?" என்று கேட்டார். பிறகு நேரே தபாற்கந்தோருக்கு நடந்தார். பஸ்ஸுக்கு நின்ற மற்றப் பதினாறு பேரும் பின்னால் போனார்கள். அங்கே இருந்தவை இருபது தபாலட்டைகள். எழுதத் தெரியாதவர்களுக்குக் கிளாக்கரே எழுதினார். முத்திரை குத்தக் குத்த, தபாற்கந்தோர்க்காரர் கேட்டார்: "நசீர் எண்டா ஆரப்பா, மந்திரியோ?"

ஒரு பாட்டால் பஸ்ஸைத் தவறவிட்ட பதினேழு பேரும் அடுத்த கிழமையும் லாஞ்சைப் பிந்தவைக்க நசீர் பேருக்கு அதே பாட்டைக் கேட்டு எழுதினார்கள், பதினெட்டாவது அட்டையை நான் எழுதினேன், மிச்சம் இரண்டு.