பெரியப்பாவின் அறுபத்தொரு ஆட்டங்கள்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, என் பெரியப்பா வேல்ஸ் நாட்டின் தேசிய உதைபந்தாட்ட அணிக்காக அறுபத்தொரு ஆட்டங்கள் ஆடியவர் என்று முழுமனதாக நம்பியிருந்தேன். அவர் பொய் சொன்னார் என்று யாரும் நினைக்க வேண்டாம். நானும் கதை கட்டவில்லை. பிழையெல்லாம் புல்வெட்டும் மெசினுடையது.

பெரியப்பா அப்பாவின் அண்ணன். இலங்கையை விட்டு வெளியேறி, வேல்ஸில் சுவான்சி என்ற ஊரில் பதினான்கு வருடங்கள் இருந்துவிட்டு எங்களிடம் வந்தவர். சிட்னியில் நார்த்மீட் என்ற இடத்தில், எங்கள் வீட்டின் கராஜை ஒட்டிய அறையில் இருந்தார். பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் அவருக்கு வேலை. விடிய ஐந்து மணிக்குப் போனால் பின்னேரம் மூன்று மணிக்கு வீட்டில் நிற்பார். பென்டில் ஹில் மளிகைக் கடையில் சாமான் வாங்க வரும் அங்கிள்மார் எல்லோரும் கிரிக்கெட் கதைப்பார்கள். பெரியப்பா மட்டும், யாரும் கேட்காமலே, வேல்ஸ் உதைபந்தாட்டம் கதைப்பார். அங்கிள்மாருக்கு உடனே வீட்டு வேலை நினைவுக்கு வந்துவிடும்.

அதிலும் அவருக்குக் கோல் அடித்தவர்களில் அவ்வளவு அக்கறை இல்லை. நெடுங்காலம் ஆடியவர்கள்தான் அவருடைய ஆட்கள். பெரிய போட்டி எதற்கும் வேல்ஸ் போக முடியாமல் தோற்றுத் தோற்றுத் திரும்பிய காலத்தில், கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றவர்கள். தலை நிறைய மயிரோடு வந்து வழுக்கையோடு போன ஒரு கோல்காப்பாளர். இரண்டு முழங்காலிலும் சத்திரசிகிச்சை செய்துகொண்டு திரும்பி வந்த ஒருவர். நாட்டுக்காக ஆடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு தொப்பி என்பது அந்த விளையாட்டின் கணக்கு என்றும், இன்னாருக்கு எத்தனை தொப்பி என்றும், நான் கேட்கிறேனா இல்லையா என்று பாராமல் சொல்லிக்கொண்டிருப்பார். அவருடைய அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு சிவப்புக் கம்பளித் தொப்பி தொங்கியது.

ஒரு சனிக்கிழமை அவர் பின்வளவில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். நான் மெசினுக்குப் பக்கத்தில் நடந்துகொண்டே, ஒவ்வொருவருக்கும் எத்தனை ஆட்டம் என்று கத்திக் கேட்டேன். அவரும் கத்திக் கத்திச் சொன்னார். கடைசியில், "அப்ப உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"எனக்கோ? அறுபத்தொண்டு!"

"எங்க நிண்டனீங்கள்?"

"பின்னுக்கு. எப்பவும் பின்னுக்குத்தான்!"

பின்னால் நிற்பவர் என்றால் தடுப்பாட்டக்காரர் என்பது எனக்குத் தெரியும். கோல் அடித்தீர்களா என்று கேட்டதற்கு, அது முன்னுக்கு நிற்கிறவர்களின் வேலை என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு மெசினைத் திருப்பினார். எனக்கு வேறு ஆதாரம் எதுவும் தேவைப்படவில்லை.

அந்த வருடம் உலகக் கிண்ணப் போட்டி நடந்தது. குடும்பத்தில் விளையாட்டில் பெயர் எடுத்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள் என்று வகுப்பு ஆசிரியை கேட்டார். ஒருத்தியின் அம்மா நெட்போல் ஆடியவர். ஒருவனின் மாமா சைக்கிள் ஓட்டக்காரர். நான் எழுந்து, என் பெரியப்பா வேல்ஸுக்காக அறுபத்தொரு ஆட்டம் ஆடியவர் என்றேன். வகுப்பு அப்படியே அமைதியானது. அந்த அமைதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அது கலைவதற்குள் டிலன் என்ற பையன் கை உயர்த்தினான். அவனுடைய தாத்தா வேல்ஸ்காரர், மகளோடு இருப்பதற்காகப் போன வருடம்தான் சிட்னிக்கு வந்தவர். அவரிடம் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்றான்.

அடுத்த நாள் டிலன் பதிலோடு வந்தான். அவ்வளவு ஆட்டம் ஆடியவர்கள் எல்லோருடைய பெயரும் தாத்தாவுக்குப் பாடமாம். அதில் ஒரு இலங்கைக்காரரும் இல்லையாம்.

மதியத்துக்குள் நான் பொய்க்காரி ஆகிவிட்டேன். என்னோடு சாப்பிடும் இரண்டு பிள்ளைகளும் வேறு வாங்கில் போய் இருந்துவிட்டார்கள். அந்தக் கிழமை முழுவதும் தனியே இருந்து சாப்பிட்டேன். ஆனால் ஒரு தடவைகூட எனக்குச் சந்தேகம் வரவில்லை. டிலனின் தாத்தாவுக்கு வயது போய்விட்டது, மறந்துவிட்டார் என்றே நினைத்தேன். வருகிற சனிக்கிழமை பாடசாலைக் கார்னிவலுக்குப் பெரியப்பாவைக் கூட்டி வருகிறேன், உன் தாத்தாவையும் வரச் சொல் என்று டிலனிடம் சவால் விட்டேன். வீட்டில் யாருக்கும் இதைச் சொல்லவில்லை. பெரியப்பா வருவதாகத்தான் இருந்தது. அம்மா கார்னிவலில் ரோல்ஸ் விற்கப் பொறுப்பு ஏற்றிருந்தார், பொரித்தெடுக்கும் வேலை பெரியப்பாவுடையது.

சனிக்கிழமை நல்ல குளிர். நான் சொன்னதற்காகப் பெரியப்பா அந்தச் சிவப்புத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்தார். அவர் பாதி ரோல்ஸ் பொரித்து முடிப்பதற்குள் ஊர்வலம் வந்தது. முன்னால் டிலன், நடுவில் ஊன்றுகோலோடு உயரமான ஒரு கிழவர், பின்னால் எங்கள் வகுப்பில் முக்கால்வாசி.

கிழவர் சுற்றி வளைக்கவில்லை. வேல்ஸுக்கு அறுபத்தொரு ஆட்டம் ஆடியவர் நீங்கள்தானா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பெரியப்பாவின் கையில் எண்ணெய் வடியும் கரண்டி. கிழவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் வாய் பிளந்து நின்ற பிள்ளைகளைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்துத் தலையாட்டினேன், தயங்காமல் சொல்லுங்கள் என்ற மாதிரி. அவர் அடுப்பை அணைத்தார்.

தான் பின்னால் நின்றவன் மட்டும்தான் என்று மெதுவாகச் சொன்னார். வடக்குப் பக்கம், கடைசி வரிசை, கூரை இல்லாத இடம்.

கிழவரின் புருவம் ஏறியது. முதல் ஆட்டம் எது என்று கேட்டார். பெரியப்பா ஏதோ ஒரு தோல்வியைச் சொன்னார். மழை ஊற்றி, பாதிச் சனம் இடைவேளையோடு வீட்டுக்குப் போய்விட்ட ஆட்டமாம். அன்று மூலைக்கொடிக்கு என்ன நடந்தது என்று கேட்டார் கிழவர். காற்று பிடுங்கிக்கொண்டு போக, அணியிலேயே வயது கூடிய தடுப்பாட்டக்காரர் அதைத் துரத்திக்கொண்டு ஓடினார் என்றார் பெரியப்பா. சனம் அன்றைக்குக் கைதட்டியது அதற்கு மட்டும்தான் என்றும் சொன்னார்.

கிழவர் சிரித்த சிரிப்பில் ஊன்றுகோல் கீழே விழுந்துவிட்டது. டிலன் ஓடிப்போய் எடுத்தான்.

அதற்குப் பிறகு எங்களை அவர்கள் மறந்தே போனார்கள். ரோல்ஸ் மேசைக்குப் பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் கதிரையில் இருந்துகொண்டு, யார் யார் எத்தனை வருடம் ஆடினார்கள், யாரை ஒரு வருடம் முந்தியே நிறுத்தியிருக்கலாம், யாரை இன்னும் இரண்டு வருடம் விட்டிருக்கலாம் என்று வாதாடினார்கள். ஒருநாள் ஆட்டம் முடிந்தபின் அந்த வழுக்கைக் கோல்காப்பாளர் சேற்றோடு நடந்து வந்து, கடைசிவரை நின்ற கொஞ்சப் பேரைப் பார்த்துக் கை தட்டினாரே, அது யாருக்கும் நினைவிருக்காது என்றார் பெரியப்பா. கிழவர் பெரியப்பாவின் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார். அம்மா தனியாக நின்று ரோல்ஸ் பொரித்தார்.

கடைசியில் பிள்ளைகளுக்குப் பொறுமை போய்விட்டது. அப்படியென்றால் உண்மையா பொய்யா என்று டிலன் கேட்டான். கிழவர் எழுந்து நின்றார். எங்கள் எல்லோரையும் பார்த்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: அறுபத்தொன்று சரி. இந்த மனிதர் அங்கே இருந்தார். நானும் அங்கே இருந்தேன், நான் சாட்சி. அந்த வருடங்களில் மிகவும் கஷ்டப்பட்டது பின்னால் நின்றவர்கள்தான்.

அதற்குமேல் யாருக்கு என்ன வேண்டும்? டிலன் எனக்கு ஒரு சோசேஜ் வாங்கித் தந்தான். திங்கட்கிழமையிலிருந்து என் வாங்கில் நெருக்கியடித்துக்கொண்டு ஏழு பேர் இருந்தார்கள்.

கார்னிவல் அன்று பின்னேரம் குசினியில் பாத்திரம் கழுவும்போது அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தபடி, "ஐயோ அத்தான், உந்தப் பிள்ளைக்கு உள்ளதைச் சொல்லிவிடுங்கோவன்" என்றது எனக்குக் கேட்டது. "பிறகு பாப்பம்" என்றார் பெரியப்பா. எனக்குச் சொல்லாத வெற்றிகள் இன்னும் இருக்கின்றன போல என்று நினைத்துக்கொண்டேன். டிலனின் தாத்தா அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்கள் வீட்டுக்கு வந்தார். பெரியப்பா புல் வெட்டி முடிக்கும்வரை காத்திருந்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்.

உண்மை எனக்குப் பதின்மூன்று வயதில்தான் தெரிந்தது, அதுவும் இணையத்தில் ஆட்டக்காரர்களின் பட்டியலைத் தேடிப் பார்த்தபோது. கோபத்தோடு அவருடைய அறைக்குப் போனேன். இத்தனை வருடம் என்னை ஏன் முட்டாளாக்கினீர்கள் என்று ஆங்கிலத்தில் கத்தினேன். அவர் என்னைக் கட்டிலில் இருக்கச் சொன்னார்.

"நான் அங்க போய் அகதி எண்டு எழுதிக் குடுத்தனான் பிள்ளை. ஆறு வருசம் முடிவு வரேல்லை. நீ ஆர், உண்மையா அந்த ஊரிலதான் இருந்தனியோ, ஆர் சாட்சி எண்டு கேட்டுக்கொண்டே இருந்தவங்கள். எனக்காக வந்து சொல்ல ஒரு ஆள் இல்லை. ஊர்ச் சனம் ஒவ்வொரு திசையில. மட்சுக்குப் போனா மட்டும் ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம். பக்கத்தில நிக்கிறவன் குடையை இந்தப் பக்கம் சரிச்சுப் பிடிப்பான்."

கதவுக்குப் பின்னால் தொங்கிய சிவப்புத் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அண்டைக்கு அந்த மனுசன் எழும்பி நிண்டு, இவர் அங்க இருந்தவர், நான் சாட்சி எண்டு சொன்னாரெல்லே. அதைப் பிறகு போய்த் திருத்த எனக்கு மனம் வரேல்லை."

கார்னிவல் அன்று காப்பாற்றப்பட்டவள் நான்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது பெரியப்பாதான் கார் ஓட்டினார். அம்மா சாமான்களோடு அப்பாவின் காரில் முன்னால் போய்விட்டார். நான் வெற்றிப் பெருமையில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன். எங்கள் தெரு வந்தது. அவர் திரும்பவில்லை. நேரே அடுத்த ஊரான பரமட்டா வரைக்கும் போய், நீதிமன்றங்களைத் தாண்டி, ஆற்றங்கரையோடு ஒரு சுற்றுச் சுற்றி, வந்த வழியாலேயே திரும்பி வந்தார். இரண்டாவது முறையும் எங்கள் தெருவை விட்டுவிட்டுப் போனார். "பெரியப்பா, வீடு அந்தப் பக்கம்" என்றேன். "ஓம் பிள்ளை, தெரியும்" என்று சொல்லிவிட்டு, கிழவர் ஆங்கிலத்தில் சொன்னதையே தனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு ஓட்டினார்.

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அம்மாவிடம் சொன்னேன், பெரியப்பாவுக்கு இன்னும் சிட்னி ரோட்டுகள் பிடிபடவில்லை என்று.