வத்சலா மேடம் போட்ட சத்தம்

வத்சலா மேடம் என்றதும் அவர் போட்ட சத்தம்தான் எனக்கு முதலில் ஞாபகம் வரும். கல்கத்தாவில், தமிழர்கள் குடியிருக்கும் லேக் மார்க்கெட் பக்கம் பிறந்து வளர்ந்தவர். அரசு ஆஸ்பத்திரியில் பால்வினை நோய்க்காரர்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலை. தமிழ் பேசுகிற ஆள் வந்தால் அவரிடம்தான் அனுப்புவார்கள்.

நான் கலியன், அரியலூர்ப் பக்கம். இங்கே கார்டன் ரீச் கப்பல் கட்டும் தளத்தில் காண்ட்ராக்ட் வெல்டர். ஓர் அறையில் ஐந்து பேர். சம்பள நாளில் கூட்டாளிகளோடு போன இடத்தை விளக்க வேண்டியதில்லை. பிறகு புண் வந்தது. வலிக்கவே இல்லை, வெல்டிங் பொறி பட்டிருக்கும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். லீவு போட்டால் காண்ட்ராக்டர் முகம் கோணும். அதனால் அறையில் ஒரு வழக்கம்: ஒருவன் டாக்டரிடம் போய் வந்தால் அந்த மாத்திரையை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வோம். அறைக் கூட்டாளி பிரேம்குமார் வாங்கி வந்ததில் நானும் மூன்று விழுங்கினேன். புண் ஆறியது. அப்பாடா என்று ஊருக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தேன்.

வந்த கொஞ்ச நாளில் உள்ளங்கையெல்லாம் சிவப்புத் தடிப்பு. ரத்தம் சோதித்தார்கள். சிபிலிஸ்.

"அரே பாபா! பங்கு போட்டுச் சாப்பிட அது என்ன சந்தேஷ் ஸ்வீட்டா?" என்று கத்தினார் மேடம். "புண் தானா ஆறிடும், கிருமி உள்ளேயே இருக்கும்! வீட்ல யாரு?"

"சம்சாரம். ரெண்டு மாசம் முழுகாம இருக்கு மேடம்."

சத்தம் சட்டென்று நின்றது. மேசை மேலிருந்த போனை என் பக்கம் தள்ளினார்.

"இப்பவே போன் போடுங்கோ. அவளுக்கும் டெஸ்ட் பண்ணி ஊசி போடணும். தள்ளிப்போட்டா குழந்தைக்கு ஆபத்து."

"ஐயோ, சொன்னா என்னைய விட்டுட்டுப் போயிரும் மேடம்."

"போகட்டுமே. குழந்தை நன்னா பொறக்கணுமா வேண்டாமா?"

போட்டேன். எதையும் மறைக்கவில்லை. என் மனைவி கொளஞ்சி கடைசிவரை கேட்டாள். பிறகு, "போனை அந்தம்மாகிட்ட குடு" என்றாள். எங்கே போவது, என்ன கேட்பது என்று மேடம் பொறுமையாகச் சொன்னார். மறுநாளே ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாள், அவளுக்கும் தொற்றியிருந்தது. ஊசி போட்டுக்கொண்டாள். அறையிலிருந்த நால்வரையும் நானே இழுத்துக்கொண்டு மேடத்திடம் போனேன்.

பிள்ளை பிறந்த சேதியைக் கொளஞ்சி எனக்குச் சொல்லவில்லை. மேடத்துக்குத்தான் போன் போட்டாள்.

"பொண்ணு. நன்னா இருக்கா. ரத்த டெஸ்ட்லயும் ஒண்ணுமில்ல" என்று, மறு சோதனைக்குப் போன என்னிடம் சொன்னார் அவர்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கொளஞ்சி இன்னமும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும், என் மகள் பால் குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறாள். மேடம், நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.