இல்லாத கட்டுரையை மேற்கோள் காட்டினேன்

ஓசூரில் ஒரு கல்லூரியில் வணிகவியல் ஆசிரியையாக இருக்கிறேன். இங்குள்ள கம்பெனிகளில் ஒப்பந்த வேலை பார்க்கும் பெண்களைப் பற்றிப் பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வும் செய்கிறேன். வகுப்பு, விடைத்தாள், வீடு என்று நேரமே கிடைக்காததால், முந்தைய ஆய்வுகள் பற்றிய அத்தியாயத்தை ஏஐயிடம் கேட்டு எழுதினேன். அது தந்த மேற்கோள்களையும் அப்படியே சேர்த்துவிட்டேன்.

ஆய்வுக் குழுக் கூட்டத்தில், பெங்களூரிலிருந்து வந்திருந்த பேராசிரியை ஒரு பக்கத்தைக் காட்டினார்.

"இந்தக் கட்டுரையை நான் எழுதினதாப் போட்டிருக்கீங்க. நான் எழுதவே இல்லைங்களே?"

"வருஷம் மாறிப் போச்சுங்க மேடம்" என்று பொய் சொன்னேன்.

"சரி, அதுல நான் என்னதான் சொல்லியிருக்கேன்? படிச்சதைச் சொல்லுங்க."

என் நெறியாளர் தலையைக் குனிந்துகொண்டார். எழுந்து போகவும் வழியில்லை; இன்னொரு பொய்யும் வரவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"படிக்கலைங்க மேடம். ஏஐ கொடுத்துச்சுங்க."

"இப்பவாவது சொன்னீங்களே. பட்டம் வாங்கின பிறகு தெரிஞ்சிருந்தா வேலையே போயிருக்கும்" என்று அத்தியாயத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடினேன். இன்னும் நான்கு கட்டுரைகள் எங்குமே இல்லை. ஆய்வு ஓராண்டு தள்ளிப்போனது.

இப்போது கட்டுரைகளை அச்செடுத்து, கிருஷ்ணகிரியிலிருந்து வரும் கல்லூரிப் பேருந்தில் படிக்கிறேன். வாரத்துக்கு இரண்டுதான் முடிகிறது. முழுதாகப் படிக்காத எதையும் பட்டியலில் சேர்ப்பதில்லை.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கிருஷ்ணகிரி